உடம்புக்கும் ஒரு செக்ரோல் வேண்டும்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கணக்கின் அருமை தெரியும். பால் நிறுக்கும் இடத்தில் தராசு காட்டியதைத் தன் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டவருக்குச் சம்பள நாளில் குழப்பம் வராது. குறிக்காதவர், கிராணி சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். செக்ரோலில் ஒரு நாள் பெயர் விட்டுப்போனால் அன்றைய கூலி போயிற்று.

உழைப்புக்கு இப்படிக் கணக்குப் பார்த்த நாம், உழைக்கும் உடம்புக்குக் கணக்கு வைக்கிறோமா? காலையில் போட வேண்டிய மாத்திரையைப் போட்டோமா, போன மாதம் இரத்தக் கொதிப்பு எவ்வளவு இருந்தது, அடுத்த கிளினிக் நாள் எப்போது என்று கேட்டால் நம்மில் பலர் தலையைச் சொறிவோம்.

இன்று பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனால் தோட்டமானாலும் பட்டணமானாலும் விவேகக் கைப்பேசி இல்லாத வீடு அபூர்வம். பாட்டுக் கேட்கவும், நாடகம் பார்க்கவும், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பவும் பயன்படும் அந்தக் கருவியே, நம் உடம்பின் செக்ரோல் புத்தகமாகவும் பயன்படும். அதை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே அதை நம்பக்கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நம்மவர் நிலை

மலேசிய சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர்! அதாவது ஒரு கல்யாண வீட்டில் வாழை இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் நம் பெரியவர்களில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த வியாதி. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாடு முழுவதற்குமான கணக்கு நூற்றுக்கு 15.6 ஆக இறங்கியிருந்தாலும், நிம்மதி அடைவதற்கு இல்லை. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, உடல் பருமன் ஆகிய நான்கும் ஒருசேர உள்ளவர்கள் ஐந்து லட்சத்துக்கும் அதிகம் என்று அதே ஆய்வு சொல்கிறது.

இந்த நோய்களின் கெட்ட குணம் என்னவென்றால், இவை சத்தம் போடுவதில்லை. காய்ச்சல் வந்தால் படுத்துவிடுகிறோம். பல் வலித்தால் ஓடுகிறோம். சீனியும் கொதிப்பும் ஏறினால் வலி இல்லை, வேலை நிற்பதில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கண் மங்கும். காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் புரையோடும். சிறுநீரகம் பழுதாகும். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் இனிப்பு நீர்தான். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவர் எப்படி வேலைக்குப் போவார்? வீட்டில் இன்னொருவர் அவரைக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு பேர் சம்பளம் குறையும். பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணம் கரையும்.

இடையில் இருக்கும் நாட்கள்

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. டாக்டர் பார்க்கிறார், மருந்தும் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இத்தனை பேருக்கு நோய் முற்றுகிறது?

டாக்டர் நம்மை வருடத்துக்கு நான்கு தடவை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி முந்நூற்று அறுபத்தொரு நாளும் வைத்தியம் நம் கையில்தான் இருக்கிறது. தவறு நடப்பது அந்த நாட்களில்தான். உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் அறிக்கை, பணக்கார நாடுகளில்கூட நீண்ட நாள் நோயாளிகளில் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று கூறியது. ஏழை நாடுகளில் இன்னும் குறைவு.

காரணங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்திரை?" என்ற எண்ணம். இரவு வேலை முடித்துக் காலையில் தூங்கிவிடுவதால் காலை மாத்திரை போய்விடுகிறது. கல்யாணம், திருவிழா என்று நான்கு நாள் வெளியூர் போகும்போது மருந்துப் பை வீட்டிலேயே கிடக்கிறது. மருந்து தீர்ந்துபோன பிறகுதான் கிளினிக் அட்டையைத் தேடுகிறோம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பாதி மாத்திரையை விட்டுவிட்ட ஒருவர் டாக்டரிடம் போகிறார். கொதிப்பு ஏறியிருக்கிறது. "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்கிறார். வெட்கப்பட்டு, "ஆமாங்க டாக்டர்" என்று தலையாட்டுகிறார். கொடுத்த மருந்து போதவில்லை என்று எண்ணி டாக்டர் அளவைக் கூட்டுகிறார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கினால் கொதிப்பு ஒரேயடியாக இறங்கி, குளியலறையில் மயங்கி விழுகிறார். கணக்கு இருந்திருந்தால் இந்த வினை வந்திருக்காது அல்லவா?

மறதிக்கு ஒரு மணி

காலைப் பெரட்டுக்கு மணி அடித்ததுபோல, மாத்திரைக்கும் ஒரு மணி வேண்டும். கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் 'செயலி' என்ற சிறு ஏற்பாடு முதலில் செய்யும் வேலை அதுதான். எந்த மாத்திரை, எத்தனை, எந்த நேரம் என்று ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், நேரம் வந்ததும் மணி அடிக்கும். போட்டுவிட்டேன் என்று தொட்டால் குறித்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட ஒரு செயலி பிறந்த கதை சுவையானது. இஸ்ரேல் நாட்டில் ஓம்ரி ஷோர், ரோத்தெம் ஷோர் என்ற இரு சகோதரர்களின் தந்தைக்கு இனிப்பு நீர். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டதை மறந்து, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். அந்த அதிர்ச்சியில் சகோதரர்கள் இருவரும் 2012ஆம் ஆண்டு மெடிசேஃப் என்ற செயலியை உருவாக்கினார்கள். நோயாளி மாத்திரையைத் தவறவிட்டால், வேறு ஊரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அதுவே செய்தி அனுப்பும். தந்தைக்காகப் பிள்ளைகள் செய்த வேலை இன்று பல நாட்டுத் தந்தையருக்கு உதவுகிறது.

செயலியின் இரண்டாவது வேலை எழுதி வைப்பது. சீனி அளவு, கொதிப்பு, எடை ஆகியவற்றைத் தேதியோடு குறித்து வைக்கலாம். மூன்றாவது வேலை, குறித்ததைக் கோடு போட்டுக் காட்டுவது. ஒரு மாதக் கோட்டைப் பார்த்தால், "ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏறுகிறதே" என்று நமக்கே விளங்கும். ஞாயிற்றுக்கிழமை விருந்தும் இனிப்பான தே தாரிக்கும் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

நான்காவது வேலை கிளினிக் நாளை ஞாபகப்படுத்துவது. கொவிட் காலத்தில், 2020ஆம் ஆண்டு, எல்லாரும் இறக்கிக்கொண்ட மைசெஜாத்ரா செயலி பலருடைய கைப்பேசியில் சும்மா கிடக்கிறது. பல அரசாங்கக் கிளினிக்குகளுக்கு அதிலேயே முன்பதிவு செய்யலாம். தொடர் மருந்தை நீண்ட வரிசையில் நிற்காமல் பெற்றுக்கொள்ள மைஉபாட் என்ற ஏற்பாட்டையும் சுகாதார அமைச்சு வைத்திருக்கிறது. உங்கள் கிளினிக்கில் இவை உண்டா என்று மருந்து கொடுக்கும் முகப்பில் கேளுங்கள்.

பலன் உண்டா?

"மணி அடித்தால் நோய் குறைந்துவிடுமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் தென்கிழக்கு இந்தியாவில் வேலை செய்யும் ஆண்கள் 537 பேரை எடுத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு இனிப்பு நீர் இன்னும் வரவில்லை, ஆனால் வரும் தறுவாயில் இருந்தார்கள். எல்லாருக்கும் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை தரப்பட்டது. ஒரு பாதியினருக்கு மட்டும் கைப்பேசியில் அடிக்கடி சிறு குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் வந்திருந்தது. செய்தி பெற்றவர்களில் 18 பேருக்குத்தான். 2013ஆம் ஆண்டு இந்த முடிவு வெளியானது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இருதய நோயாளிகள் 710 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2015ஆம் ஆண்டு வந்தது. வாரம் நான்கு செய்திகள், ஆறு மாதம். செய்தி பெற்றவர்களின் இரத்தக் கொதிப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய எட்டுப் புள்ளி குறைவாக இருந்தது. கெட்ட கொழுப்பும் குறைந்தது. புகைப்பவர்கள் செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 43, பெற்றவர்களில் 26.

இந்த இரண்டு சோதனையிலும் பயன்பட்டது சாதாரணக் குறுஞ்செய்தி என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் வெள்ளிக் கைப்பேசி தேவைப்படவில்லை. விடாமல் ஒருவர் ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். பழைய பித்தான் கைப்பேசி வைத்திருக்கும் பாட்டிக்கு, தினமும் மாலை ஏழு மணிக்குப் பேத்தி கூப்பிட்டு, "பாட்டி, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால் அதுவும் சிறந்த வைத்தியமே.

எண்களை எழுதும் முறை

கணக்கு எழுதினால் சரியாக எழுத வேண்டும். செயலியை இறக்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அளவு முறை. நம் நாட்டுக் கிளினிக்கில் சீனியை மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் மில்லிகிராம் கணக்கு. நம்முடைய 7 அவர்களுக்கு 126. நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இதை மாற்றி வைக்காவிட்டால் செயலி வீணாகப் பயமுறுத்தும், அல்லது வீணாகத் தைரியம் சொல்லும்.

இனிப்பு நீர் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0 வரையிலும், சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து 8.5க்குள்ளும் இருப்பது நல்லது என்பது நம் நாட்டு டாக்டர்களின் வழிகாட்டி. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் இது மாறும். உங்களுக்கு உரிய எண்ணை டாக்டரிடம் கேட்டு, செயலியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தினமும் விரலைக் குத்திக்கொள்வது எல்லாருக்கும் அவசியமில்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டால், பரிசோதனைப் பட்டைக்குச் செலவாகும் காசு மிச்சமாகும்.

இரத்தக் கொதிப்பைக் கையில் பட்டி சுற்றும் கருவியால் பாருங்கள். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கோப்பியும் சிகரெட்டும் கூடாது. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கை, இருதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் குறியுங்கள். கிளினிக்குக்குப் போகும் முன் ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் இப்படிக் குறித்துக் காட்டினால், டாக்டருக்கு அது பொக்கிஷம்.

பொய்க் கணக்கு எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்னதாக மட்டும் பத்தியம் இருப்பவர்களும் உண்டு. ஆனால் உடம்பே ஒரு கணக்கு எழுதுகிறது. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதமாகச் சீனி எப்படி இருந்தது என்பதைக் காட்டிவிடும். அந்தச் செக்ரோலை யாரும் அழிக்க முடியாது.

கைப்பேசியின் படம் எடுக்கும் கருவியும் பயனுள்ளது. நாள் முழுவதும் ரப்பர் பூட்ஸ் போட்டு வேலை செய்கிறவர், உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாவிட்டால் படம் எடுத்துப் பார்க்கலாம். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் கண்டால் அந்தப் படத்தோடு கிளினிக்குக்குப் போகலாம். உணர்ச்சி மரத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாது. கண்தான் காவல்.

ஏமாற வேண்டாம்

பால் இருக்கும் இடத்தில் பூனையும் இருக்கும். செயலிகளிலும் கள்ளம் உண்டு.

அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர் என்ற செயலி வந்தது. கையில் பட்டி வேண்டாம், கைப்பேசியை நெஞ்சில் வைத்து விரலைப் படக்கருவியின்மேல் வைத்தாலே கொதிப்பைச் சொல்லும் என்றார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக டாக்டர்கள் சோதித்து 2016ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? உண்மையில் கொதிப்பு ஏறியிருந்த பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு, "கொதிப்பு ஏறவில்லை" என்று அது சொல்லியிருக்கிறது! அந்த நம்பிக்கையில் ஒருவர் மாத்திரையை விட்டிருந்தால் கதி என்ன? அரசாங்கம் அந்த நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது.

குத்தாமல் இரத்தச் சீனியைத் தாமே அளக்கும் என்று கூறும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி எதையும் அது அங்கீகரிக்கவில்லை. முகநூலில் மலிவு விலைக்கு இவை விளம்பரம் செய்யப்படுகின்றன. தோலுக்குள் மெல்லிய ஊசி பதியும் உணர்கருவி வேறு. அது உண்மையானது, டாக்டர்கள் பயன்படுத்துவது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும், விலையும் எளியவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எல்லாருக்கும் அது தேவையும் இல்லை.

"இந்தக் கஷாயத்தைக் குடித்தால் ஏழே நாளில் மாத்திரையை நிறுத்தலாம்" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவதும், செயலி சொன்னது என்று கூட்டுவதும் குறைப்பதும் உயிருக்கு ஆபத்து. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு கேட்கும் அறிமுகமில்லாத செயலியை உடனே நீக்கிவிடுங்கள்.

சில நேரங்களில் கைப்பேசியை வைத்துவிட்டு ஓட வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து, சீனி 3.9க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 999க்குக் கூப்பிடுங்கள். கொதிப்பு 180க்கு 110 அல்லது அதற்கு மேல் போனால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை விழுந்துபோதல் என்றால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பெற்றோர் பலருக்குச் செயலியில் உள்ள ஆங்கிலமும் மலாயும் தடையாக இருக்கும். அங்கேதான் பிள்ளைகளின் கடமை வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மா பக்கத்தில் உட்காருங்கள். மருந்துப் பையைக் கொட்டி, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் மாத்திரையின் படத்தையும் சேர்த்துவிட்டால் எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் அடையாளம் தெரியும். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு மணி வையுங்கள். இவை எல்லாவற்றையும் இலவசமாகச் செய்யும் செயலிகள் உண்டு. செயலி பிடிபடவில்லையா? கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள கடிகார மணியும், கடையில் வாங்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டும் போதும்.

அப்பா ஒரு நாள் மறந்துவிட்டால் அதட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் மறுநாள் உண்மையைச் சொல்லமாட்டார். கணக்கு உண்மையாக இருந்தால்தான் உதவும்.

நாற்பது வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தார்க்கு 2019ஆம் ஆண்டிலிருந்து பெக்கா பி40 என்ற திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. நோய் இருக்கிறதா என்றே தெரியாதவர்கள் அங்கிருந்து கணக்கைத் தொடங்கட்டும். நோய் உள்ளவர்கள் கண், கால், சிறுநீரகப் பரிசோதனையை வருடம் ஒரு தடவை செய்துகொள்ள அந்த நாட்களையும் கைப்பேசியில் குறித்து வைக்கட்டும்.

மணி அடிக்கும்போது எழுந்து மாத்திரை போடுவதும், இரண்டாவது தட்டு மீ கோரிங்கைத் தள்ளி வைப்பதும், மாலையில் அரை மணி நேரம் நடப்பதும் நாம்தான் செய்ய வேண்டும். அதைக் கைப்பேசி செய்யாது. ஆனால் யாருடைய கூலிக்கோ கணக்கு எழுதிய கைகள் இனித் தம் சொந்த உடம்புக்கும் கணக்கு எழுதட்டும். அடுத்த தடவை டாக்டர், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது, "நல்லா இருக்கேன்" என்று வாயால் சொல்வதோடு நில்லாமல், கணக்கைத் திறந்து காட்டுங்கள்.